நூற்றுப் பதினான்கு கம்பிகள்

கயிற்றில் இரண்டு முழம் வெட்டி
எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.
குவிரிலா ஆற்றுக்கு மேலே, சுரங்க மேட்டுக்கு
பதினெட்டு வருடம் ஆளை ஏற்றி இறக்கிய கயிறு.
லாமாரா முறுக்கைப் பிரித்தாள்.
ஆறு புரி. புரிக்குப் பத்தொன்பது கம்பி.
ஒவ்வொன்றாய்த் துடைத்து, எண் கட்டி,
மேசையில் வரிசையாய்ப் படுக்கவைத்தாள்.
பிணவறை மாதிரி இருக்கிறது என்றான் தெங்கிஸ்,
நிலையத்தின் மேலாளன்.
அவள் சிரிக்கவில்லை.

முதல் கம்பி.
இரண்டு தாடைகளும் கவ்வ
இயந்திரம் மெல்ல இழுக்கிறது.
மூவாயிரத்து அறுநூறு நியூட்டன்.
இருநூற்றைம்பது மில்லிமீட்டருக்கு
ஒரே ஒரு மில்லிமீட்டர் நீட்சி.
விட்டதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது,
இரவில் எங்கோ போய்விட்டு
விடியுமுன் அடுப்படியில் படுத்திருக்கும் பூனைபோல.
மறுபடி இழு. மறுபடி விடு.
மீட்சி என்பது இது:
எஃகு எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத தூரம்.
வரைதாளில் அது நேர்கோடு.

இன்னும் இழுத்தால்
கோடு ஓரிடத்தில் தலைசாய்க்கும்.
அதற்குப் பிறகு விட்டாலும்
முள் பூஜ்யம் வரை வருவதில்லை.
பால் திரிந்தால் திரிந்ததுதான்.
சத்தமில்லை, கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை.
கம்பி முன்னைவிடக் கூடுதலாகவே தாங்குகிறது,
ஏமாற்றுவதும் அதுதான்.
பிறகு எங்கோ இடுப்பு சிறுத்து
டப்.

இப்படியே எழுபது கம்பிகள்,
நல்ல சாவு சாகின்றன.

எழுபத்தொன்று இடுப்பு சிறுக்கவில்லை.
முள் பாதி வழியில் இருக்கும்போதே
உலர்ந்த சுள்ளியாய் முறிந்தது.
லென்ஸ் வைத்துப் பார்த்தாள்:
முறிந்த முகத்தில் வளையம் வளையமாய்க் கோடுகள்,
வற்றும் குளம் கரையில் விட்டுப்போவது மாதிரி.
தூணைத் தாண்டும் ஒவ்வொரு முறையும்
சக்கரத்தில் வளைந்து நிமிர்ந்து,
வளைந்து நிமிர்ந்து,
எல்லைக்குள்ளேயேதான், எல்லைக்குள்ளேயேதான்,
லட்சம் தடவை.
எண்பத்தெட்டும் அப்படி. நூற்றொன்றும்.

சராசரி பாருங்கள் லாமாரா,
தரத்துக்கு மேலே நிற்கிறதே என்றான் தெங்கிஸ்.
வெள்ளிக்கிழமை அமைச்சகத்திலிருந்து ஆள் வருகிறார்கள்.
பெட்டி சராசரியிலா தொங்குகிறது,
என்று கேட்டுவிட்டு
மூன்று எண்களையும் சிவப்பில் எழுதினாள்.

கயிறு நின்றது.
ஊர் ஐந்து வாரம் படியேறியது.
நானூற்றுப் பன்னிரண்டு படி,
எண்ணியவர்கள் அவளைத் திட்டியபடியே எண்ணினார்கள்.
ரொட்டிக் கடை நஸிப்ரோலா
உரக்கவே திட்டினாள், தெருவில், பெயர் சொல்லி.
சுரங்கக் கேன்டீனுக்கு நாற்பது ரொட்டி,
சணல் கட்டிய இரண்டு மூட்டை,
கைக்கு ஒன்று.

ஒரு மாலை பாதிப் படியில்
இருவரும் எதிரெதிரே நின்றுவிட்டார்கள்.
நஸிப்ரோலா மூட்டையை இறக்கிக் கையை விரித்தாள்.
விரல்களின் குறுக்கே சணல் பதிந்த பள்ளம்,
வெள்ளையாய், ஆழமாய்.
லாமாரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எவ்வளவு நேரத்தில் மறையும்?
முதல் வாரம் வீடு போவதற்குள் மறைந்தது,
இப்போது காலையிலும் இருக்கிறது,
உனக்கென்ன அதைப் பற்றி?

மறுநாள் கடை வாசலில்
நான்கு விரல் அகலத்தில் இரண்டு கித்தான் பட்டைகள்.
கூடக் கடிதம் எதுவுமில்லை.
அதே நாற்பது ரொட்டி, அதே எடை,
அழுந்தும் இடம் மட்டும் அகலம்.
தகைவு என்பதற்கு அவளிடம்
வேறு விளக்கம் இருக்கவில்லை.

புதுக் கயிறு வந்து கட்டியதும்
முதல் வாரத்திலேயே நீண்டு தொய்ந்தது.
எல்லாக் கயிறும் அப்படித்தான்,
புரிகள் ஒன்றுக்கொன்று இடம்பார்த்து உட்காரும்.
வெட்டிச் சுருக்கி மறுபடி இழுத்துக் கட்டினார்கள்.

நஸிப்ரோலா இப்போது பெட்டியில் போகிறாள்,
பட்டைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
தூணைத் தாண்டுகையில் பெட்டி ஒருமுறை குலுங்கும்.
எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.
லாமாரா மட்டும் உதட்டுக்குள் எண்ணுவாள்,
ஒன்று.